சித்தி ஆமை வேலை படித்த வருஷம்

மார்கழிப் புயலில் நம் பிளாக்கே மொட்டையாகிப் போன வருஷம் உங்களுக்கும் மறந்திருக்காது. நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்த நாம் எல்லோரும் முப்பதைத் தாண்டிவிட்டோம். ஒருத்தி பெங்களூரில், ஒருவன் துபாயில், சிலர் அப்பாக்கள் வேலை பார்த்த அதே நிலக்கரி மைன்ஸில். போன மாதம் கல்யாண வீட்டில் சந்தித்தபோது வெகுநேரம் புயலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சாலையை அடைத்துக்கொண்டு கிடந்த தூங்குமூஞ்சி மரங்கள், கரண்ட் இல்லாத வாரங்கள், பள்ளிக்கூடம் திறக்காத சந்தோஷம். அதற்கு நடுவில் உங்களில் ஒருத்தி கேட்டாள்:

"உங்க சித்தி எலுமிச்சம்பழத்த மண்ணுல பொதச்சுப் பொதச்சு எடுப்பாங்களே, அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். வீடு திரும்பிப் படுத்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சித்தியை உங்களுக்கு எலுமிச்சம்பழத்தோடு மட்டும்தான் தெரியும். மிச்சத்தை நான் சொல்லியாக வேண்டும்.

சித்தி என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. வயதில் எனக்கு அக்கா மாதிரிதான். அம்மா கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அப்பா முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். கடலூரில் தொழிற்பயிற்சி படித்த காலத்தில் அம்மாவைப் பார்த்து, யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு, மைன்ஸில் வேலை கிடைத்ததும் நெய்வேலிக்குக் கூட்டி வந்துவிட்டார். இரண்டு பக்கமும் சில வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. நான் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்துபோனார்கள்.

சுனாமி வந்த காலையில் அம்மாவின் அம்மா கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். உப்பு வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். உப்புப் பொட்டலத்தோடு திரும்பியபோது வீடும் இல்லை, தாயும் இல்லை. தகப்பன் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா போய் அவளைக் கையோடு அழைத்து வந்தாள். அன்று திரும்பிய அம்மா பிறகு அந்தக் கரைக்குப் போகவே இல்லை. சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தபோதுகூட ஊருக்குள் இருந்த வீட்டோடு பார்த்துவிட்டு, கடல் இருக்கும் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறிவிட்டாள்.

நெய்வேலியை அம்மாவுக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். "இங்க பாரு, ஆறு இல்ல, ஏரி இல்ல, பைப்புல வர்ற தண்ணிதான். மூடினா நின்னுடும்" என்று சித்தியிடம் சொல்வாளாம். உங்கள் வீட்டிலெல்லாம் மைன்ஸ் தூசி படிகிறது என்று திட்டிக்கொண்டே ஜன்னல் துடைப்பார்கள். என் அம்மா திட்டியதே இல்லை. தூசிதானே, துடைத்தால் போகிறது என்பாள்.

சித்தி பிளஸ் டூ முடித்தாள். பக்கத்து மந்தாரக்குப்பத்தில் டைப்பிங் வகுப்புக்குப் போனாள். தபாலில் ஏதோ ஒரு பட்டத்துக்குப் பணம் கட்டினார் அப்பா. எதிலும் அவள் மனம் ஒட்டவில்லை. அவளுக்குக் குரலே கிடையாது. டீவி ஓடினால் அதைத் தாண்டிப் பேசமாட்டாள், பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுத்தான் சொல்லுவாள். யார் வீட்டிலோ தங்கியிருக்கிறோம் என்கிற நினைப்பு அவளை விட்டுப் போகவே இல்லை. நாங்கள் அப்படி நடத்தவில்லை. ஆனாலும் எங்கள் கடைசிப் பாத்திரம்வரை கழுவி வைத்துவிட்டுத்தான் அவள் சாப்பிட உட்காருவாள்.

பிறகு புயல் வந்தது. அப்பா இரவு ஷிப்டில் மாட்டிக்கொண்டார். விடிந்து பார்த்தபோது எங்கள் கொல்லைப்புறத்து வாகைமரம் சமையலறைக் கூரைமேல் படுத்திருந்தது. ஓடுகள் நொறுங்கி அரிசி டப்பாவுக்குள் மழைத் தண்ணீர். ஊரே பச்சை இலை கசங்கிய வாசனை அடித்தது. வெட்டுப்பட்ட மரங்களின் பால் வாசனையும் சேர்ந்துகொண்டு மூச்சு முட்டியது. அம்மா ஈரத் தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கூரை ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி துணியால் தண்ணீரை ஒற்றிப் பிழிந்தபடி சொன்னாள்: "கடல் இங்க வராதுன்னு சொல்லிக்கினே இருந்தியே அக்கா. காத்து வந்துட்டுது பாத்தியா."

குத்திக்காட்டும் பேச்சில்லை அது. அவளுக்கு ஆச்சரியம், அவ்வளவுதான்.

கரண்ட் வந்து, பள்ளிக்கூடம் திறந்து, பொங்கலும் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு அம்மாள் வந்தார். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, செருப்பெல்லாம் மணல். சென்னையிலிருந்து வந்து கடலூர்க் கரையோரம் ஆமைகளைக் காப்பாற்றும் வேலையை நடத்திக்கொண்டிருந்தவர். மேடம் என்றுதான் நாங்கள் சொன்னோம். பெயர் தெரிந்துகொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. கரையில் பிறந்த பிள்ளைகளாகப் பார்த்து இந்த வேலைக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறார் என்று குப்பத்திலிருந்து சித்தியின் தோழி போனில் சொல்லியிருக்கிறாள். சித்தி யாருக்கும் சொல்லாமல் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டாள். வீட்டில் பேசாமல் எடுக்கமாட்டேன் என்று மேடமே பஸ் ஏறி வந்துவிட்டார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"பங்குனி ஆமைன்னு சொல்வாங்க சார். தை மாசத்துல இருந்தே கரைக்கு ஏறி முட்டை வைக்க ஆரம்பிச்சுடும். நாய் தோண்டிடுது, ஆளுங்க எடுத்துடுறாங்க. அதனால பத்திரமா எடுத்து வந்து வேலிக்குள்ள வெச்சுப் பொரிக்க வைக்கிறோம். முட்டைய எப்படித் தூக்குறது, குழி எப்படி வெட்டுறது, செத்து ஒதுங்குற ஆமைய எப்படி அளக்குறது, மீனவங்ககிட்ட எப்படிப் பேசுறது, எல்லாம் இந்த ஒரு சீசன்ல சொல்லித் தந்துடுவோம். நல்லா வந்தாங்கன்னா இதையே வேலையா எடுத்துக்கலாம்."

"வேலைன்னா, பர்மனென்ட்டுங்களா மேடம்?" என்றார் அப்பா.

"இல்ல சார். புராஜெக்ட் இருக்கிற வரைக்கும்."

"அப்ப காண்ட்ராக்ட்தான்."

மேடம் சிரித்தார். "அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

அப்பாவுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள், பர்மனென்ட், காண்ட்ராக்ட். அவர் கெட்டவர் இல்லை. ஒரே ஷிப்டில் ஒரே வேலை பார்த்த இரண்டு பேரில் ஒருவன் வீட்டுக்குக் குவார்ட்டர்ஸும் ஆஸ்பத்திரியும் இருப்பதையும், இன்னொருவன் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு அலைவதையும் தினம் பார்த்தவர். அவர் யோசிப்பதைப் பார்த்து மேடம் சம்பளம், காப்பீடு என்று விளக்கிக்கொண்டே போனார். சமையலறைக் கதவருகில் நின்ற அம்மா பக்கம் அவர் திரும்பவே இல்லை. முடிவு யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் அம்மாதான் குரல் கொடுத்தாள். "ராத்திரில கரைல நடக்கணுமாமே?"

"அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்கம்மா. இவங்க காலையில வந்தாப் போதும்."

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்தாள். மேலே புதிதாகப் போட்ட ஓடுகள் மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரிந்தன.

"மத்தியானம் வூட்டுக்கு வந்துடணும். தண்ணில கால் வெக்கக் கூடாது. இந்த ரெண்டுக்கும் ஒத்துக்கினா போவட்டும்."

கடலோரம் வேலை செய்யப் போகிறவளிடம் தண்ணீரில் கால் வைக்காதே என்கிறாளே என்று அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சித்தி சிரிக்கவில்லை. அம்மாவின் அருகில் போய், தோளைத் தொட்டு, "வெக்கலக்கா" என்றாள்.

அதற்கப்புறம் நீங்கள் பார்த்ததெல்லாம் ஆரம்பித்தது. விழுந்த வாகைமரத்தை அறுத்து எடுத்துப் போன பள்ளத்தில் லாரி மண் கொட்டி நிரப்பியிருந்தார்கள். அதுதான் சித்தியின் கடற்கரை. ஆமை வெட்டுகிற குழி தண்ணீர்ப் பானை மாதிரி இருக்க வேண்டும், வாய் குறுகி வயிறு அகன்று. கையை மட்டும் வைத்து அப்படி வெட்ட வேண்டும். சித்தி குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் தோண்டுவாள். முட்டைக்குப் பதிலாக எலுமிச்சம்பழம். எடுக்கும்போது மேல் பக்கம் மேலேயே இருக்க வேண்டும், உருண்டால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும். அதனால் ஒவ்வொரு பழத்தின் தலையிலும் மையால் ஒரு புள்ளி. எடுத்து, நடந்து, வேறு குழியில் வைத்து, மூடி, மறுபடி தோண்டிப் புள்ளி மேலே இருக்கிறதா என்று பார்ப்பாள். நாம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, புள்ளி சாய்ந்திருந்தால் 'செத்துப்போச்சு' என்று கத்துவோம். நினைவிருக்கிறதா? அந்தப் பழங்களை அம்மா கழுவி ஊறுகாய் போட்டாள். எத்தனை கழுவியும் பல்லில் நறநறத்தது.

அப்பாவின் ஷிப்ட் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினாள். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஆமை முட்டை வைக்காமல் திரும்பிவிடுமாம். இரவில் அவள் கரைக்குப் போவதே இல்லை, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அப்பா மைன்ஸில் எல்லோரிடமும் கேலி வாங்கினார். தையல்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு அளவு நாடா எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். எங்கள் குடம், தலையணை, என் முதுகு, எல்லாவற்றின் வளைவையும் அதில் அளந்தாள். அந்த டார்ச்சும் நாடாவும் வீடு மாறியதில் எங்கே போயின என்று தெரியவில்லை.

செத்த ஆமையை அளந்துவிட்டு வருகிற நாட்களில் அவளை வீட்டுக்குள் விடமாட்டார்கள். கொல்லைப்புறக் குழாயடியில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே. எதிர்க் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆமை வீட்டுக்கு ஆகாதும்பாங்க. இவ இன்னாடான்னா அதயே படிப்பா படிச்சுக்கினு இருக்கா" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லுவார். அம்மாவுக்குக் கோபம் வரும். தான் தினமும் திட்டுகிற விஷயத்தை வேறொருத்தர் திட்டினால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது.

ஒரு சனிக்கிழமை சித்தி என்னையும் அழைத்துப் போனாள். முதல் பஸ்ஸில் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர். பிறகு ஒரு டவுன் பஸ். சவுக்குக் கழி நட்டு வலை கட்டிய வேலிக்குள் மணல்மேடு. ஒவ்வொரு முட்டைக் குழிக்கும் ஒரு சின்னப் பலகை. அவளோடு சேர்ந்து படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் அந்தக் கரைப் பிள்ளைகள். போனில் சொன்ன அந்தத் தோழியும் இருந்தாள். அலை வந்தால் மற்றவர்கள் முழங்கால்வரை நின்று கை கழுவுவார்கள். சித்தி ஈர மணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுவாள். தோழி வாளியில் தண்ணீர் மொண்டு வந்து அவள் கையில் ஊற்றினாள்.

"எங்க அக்காகிட்ட சொல்லிட்டு வந்துக்கிறன்" என்றாள் சித்தி.

"உங்கக்கா நெய்வேலில இருக்கு. அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள் தோழி.

"எனக்குத் தெரியுமில்ல."

அன்று ஒரு பெரிய ஆமை செத்து ஒதுங்கியிருந்தது. வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்ததாம். வாசனை தாங்காமல் நான் தள்ளி நின்றேன். சித்தி தாவணி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு பக்கத்தில் முட்டிபோட்டு ஓட்டின் நீளமும் அகலமும் அளந்தாள். மறுபடி யாரும் இதையே கணக்கில் சேர்த்துவிடக் கூடாதென்று பெயின்ட்டால் ஒரு கோடு போட்டாள். எல்லாம் முடிந்து மற்றவர்கள் நகர்ந்த பிறகும் அங்கேயே இருந்தாள். "வயித்துல முட்ட இருக்குது" என்றாள் என்னிடம். அதன் கழுத்தைத் தடவினாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தடவுவது மாதிரி இருந்தது. வீட்டில் நான் பார்க்காத ஒரு சித்தி அங்கே இருந்தாள். எதற்கும் யாரையும் பார்த்து ஒதுங்காதவள்.

பங்குனி நடுவில் மேடம் அப்பாவுக்குப் போன் செய்தார். ஒடிசாக் கரையில் ஒரு வருஷம் தங்கி வேலை கற்றுக்கொள்ள இந்தப் பிள்ளைகளில் ஒருவரை அனுப்பலாம், சித்தியை அனுப்ப ஆசைப்படுகிறேன், திரும்பி வந்தால் இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு அவளே பயிற்சி கொடுக்கலாம் என்றார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

சித்தி சமையலறையில் அம்மாவிடம் கேட்டாள். நான் அங்கேயேதான் தோசைக்கு உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, நான் போவட்டுமா?"

அம்மா கல்லில் இருந்த தோசையைத் திருப்பினாள். "கடலுக்குக் குடுத்தது போதும்."

"அது வேலக்கா."

"போதும்னு சொன்னன் இல்ல?"

அப்பாவிடம் கேட்டாள். "ஒரு வருஷம் கழிச்சு ஆள் வேணாம்னுட்டாங்கன்னா என்னம்மா பண்ணுவே?" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அக்கா சரின்னா எனக்கு ஒண்ணுமில்ல" என்றும் சொன்னார். பந்தை அம்மாவிடமே தள்ளிவிட்டுக் குளிக்கப் போனார். சித்தி அதற்குமேல் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் பயிற்சி முடிவு. பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிற நாளும் அதுதான். வீட்டாரை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்றாள். "அந்தப் புள்ள இத்தன மாசம் படிச்சிருக்கு. அதுக்குன்னு வேற யார் இருக்கா?" என்று அப்பா ஒரே வார்த்தையாகச் சொன்னார். அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் கடலூர் தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை வந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். கடல் தெரிந்ததும் பிடி இறுகியது. கரையில் நடக்கும்போது மீன் கூடையோடு வந்த ஒரு கிழவி நின்று உற்றுப் பார்த்து, "கருவாட்டுக்காரி மூத்த பொண்ணா நீ?" என்றாள். அம்மாவால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

வெயில் தாழ்ந்திருந்தது. குப்பத்து ஜனம், பள்ளிப் பிள்ளைகள், எங்களை மாதிரி வெளியூர்க்காரர்கள் என்று நல்ல கூட்டம். சித்தி காலால் மணலில் ஒரு நீளக் கோடு இழுத்து, அதற்கு அந்தப் பக்கம் நின்றாள். பிறகு பேசினாள்.

"யாரும் கோட்டத் தாண்டக் கூடாது! குஞ்ச கையில எடுக்கக் கூடாது! அதுவா நடந்து போவட்டும். போட்டோக்காரர் அண்ணா, லைட்ட நிறுத்துங்க. லைட்டுப் பக்கம் திரும்பிடும்!"

அலை சத்தத்தைத் தாண்டிக் கடைசி ஆள்வரை கேட்டது அந்தக் குரல். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இது அவ கொரலா?" என்றாள்.

கூடையைச் சாய்த்தார்கள். குஞ்சுகள் கறுப்பாக, உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். துடுப்பு மாதிரி நான்கு கையையும் அடித்துக்கொண்டு ஈர மணலைப் பார்த்து நகர்ந்தன. அலை வந்து முதல் சிலவற்றை எடுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் கத்தினார்கள். அப்போது ஒரு குஞ்சு அலையில் மிதந்து வந்த கிழிந்த வலைத்துண்டு ஒன்றில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் இழுக்கும்போது உள்ளே போனது, தள்ளும்போது வெளியே வந்தது. அருகில் இருந்தவள் சித்திதான். ஒரு நொடி நின்றாள். அடுத்த நொடி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள். இடுப்புவரை நனைந்து, குனிந்து, வலையைக் கிழித்துக் குஞ்சை விட்டாள். நிமிர்ந்து, அது போகிற திசையையே பார்த்துக்கொண்டு கடலுக்குள் நின்றாள்.

பிறகு திரும்பினாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சித்தியின் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன். கரைக்கு ஏறி வந்து, ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு, அம்மாவிடமிருந்து தள்ளியே நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில்.

இரண்டு நாள் கழித்து அம்மா பரண்மேல் இருந்த பெரிய பையை இறக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொல்லைப்புறக் கொடியில் காயப்போட்டாள். அப்பா வேலையில் சேர்ந்தபோது வாங்கிய பை. பள்ளியிலிருந்து நான் வந்தபோது சித்தி அதன் முன்னால் நின்றிருந்தாள்.

"இது எதுக்குக்கா?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சும்மாதான். பூசணம் பூத்துக் கெடந்துது."

சித்தி தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மாதக் கடைசியில் மேடம் போன் செய்தபோது அப்பா போனைச் சித்தியிடம் கொடுத்தார். அவள் வாசலுக்குப் போய்ப் பேசினாள். பழையபடி சன்னமான குரல். "இல்ல மேடம். வரல. எனக்கே இஷ்டம் இல்ல மேடம்" என்று மட்டும் எனக்குக் கேட்டது. அம்மா குழாயடியில் இருந்தாள். தண்ணீர் குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

சித்திக்குப் பதிலாகத் தோழி ஒடிசா போனாள். சித்திக்கு அடுத்த தையில் மந்தாரக்குப்பத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பைக் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். அவளை ஒரு சொல் சொல்லமாட்டார். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். மாலையில் கடையில் உட்கார்ந்து எந்த வண்டிக்கு எந்த பிரேக் கட்டை என்று கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், அடையாளம் தெரிந்திருக்காது. அவள் வாழ்க்கை பாழாய்ப் போயிற்று என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அவளே என்னை அடிக்க வருவாள்.

அப்பா ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகு ஒரு கோடை மத்தியானம். சித்தி வந்திருந்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு மூன்று பேரும் பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தோம். தோழி பயிற்சி நடத்துகிறவளாகவே அந்தக் கரைக்குத் திரும்பிவிட்டாள் என்று சித்தி சொன்னாள். சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்வது மாதிரி பெருமையாகத்தான் சொன்னாள்.

அம்மா ஒரு சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கி எடுத்தாள். "நீ மறுபடி ஒரு தடவ கேட்டிருந்தா போவச் சொல்லியிருப்பன்."

சித்தியின் கை நின்றது. "இன்னாக்கா சொல்ற?"

"அன்னிக்கிக் கரைல உன்னப் பாத்த அப்புறம். பையக்கூடத் தொவச்சுப் போட்டன். கேப்ப கேப்பன்னு பாத்தன். நீ கேக்கவே இல்ல. போன்ல இஷ்டம் இல்லன்னு சொன்ன. சரி, அவளுக்கே வேணாம்போல இருக்குதுன்னு உட்டுட்டன்."

"நீ அன்னிக்கி அழுதியேக்கா" என்றாள் சித்தி. "கால் வெக்க மாட்டன்னு உங்கிட்ட சொல்லிட்டுத் தண்ணில எறங்கிட்டன். நீ அப்படி அழுத. இன்னொரு தரம் உன்ன அழ வெக்கக் கூடாதுன்னுதான்..."

"அதுக்கா அழுதன்?" என்றாள் அம்மா. "நீ தண்ணில நின்னப்ப நம்ம அம்மா நிக்கிற மாதிரியே இருந்துச்சுடி. இடுப்புல துணியச் செருகிக்கினு. அத்தன வருஷத்துல அன்னிக்கித்தான் எனக்குக் கடலப் பாத்து பயம் வரல. அதுக்கு அழுதன்."

பலாப்பால் சித்தியின் விரல்களில் ஒட்டி நூல் நூலாக இழுத்தது. அவள் அதைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்துத் தோய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். "நீயும் கேட்டிருக்கலாம்" என்றாள் அம்மா. இரண்டு பேர் பேச்சிலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

பெரியவர்கள் என்றால் ஒருவர் மனதில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியும் என்று நாம் அந்த வயதில் நம்பினோம் இல்லையா? ஒரே கூரைக்குக் கீழே, ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர் அவர்கள். ஒருவருக்காக ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டதில் மாதக் கடைசி கடந்துபோனது. நாளடைவில் வயதும் கடந்துபோனது. பர்மனென்ட் இல்லை என்று அப்பா பயந்தார். கடல் என்று அம்மா பயந்தாள். கடைசியில் இரண்டு பயமும் தடுக்கவில்லை. தடுத்தது இருவருக்கும் நடுவே இருந்த அந்த அன்புதான் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

போன பங்குனியில் தோழி கூப்பிட்டாள் என்று சித்தி கரைக்குப் போனாள். புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளோடு ஒரு நாள் இரு, அந்தக் காலத்தில் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்று சொல் என்றாளாம். அம்மாவுக்கு முட்டிவலி, வர முடியவில்லை. நான் கூடப் போனேன்.

வேலி இப்போது கம்பி வேலி. பலகைகளுக்குப் பதில் அச்சடித்த அட்டைகள். பெண்கள் நிறையப் பேர், எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை. குழி வெட்டிக் காட்டச் சொன்னார்கள். சித்தி முதலில் வெட்கப்பட்டாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்தாள். கை தோள்வரை இறங்கியது. ஈர மணலைக் கைநிறைய அள்ளி அள்ளி ஓரமாக வைத்தாள். சுற்றி நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் கையை எடுத்ததும் ஒருத்தி உள்ளே தடவிப் பார்த்து, "அப்படியே பானை மாதிரி இருக்குது!" என்று கத்தினாள்.

அவளே சித்தியைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, நீங்க எந்தக் கரைல வேல பாத்தீங்க?"

சித்தி கையிலிருந்த மணலைத் தட்டினாள். "நான் நெய்வேலிம்மா."

"நெய்வேலில ஏதுக்கா கடல்?" என்றாள் அந்தப் பெண். மற்றவர்கள் சிரித்தார்கள். கேலியில்லை, ஏதோ நல்ல ஜோக் கேட்ட சிரிப்பு. தோழி மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சித்தியும் சிரித்தாள். "ஆமாம்மா. அங்க கடல் இல்ல" என்றாள். பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மணலில் உட்கார வைத்தாள். "நீ வா. நீ தோண்டு."